உங்கள் மகன் ராவில் பார்ப்பது களவு வேலை இல்லை, அக்கா

போன கிழமை நீங்கள் களுவாஞ்சிகுடியிலிருந்து எடுத்துச் சொன்னது மனதிலேயே கிடக்கிறது. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை ராவு ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் லெப்டொப்பில் எழுத்தும் எண்ணுமாக எதையோ உருட்டுகிறான், "என்ன மனே பார்க்கிறாய்" என்று கேட்டால் "பங்ஷன் தேடுறன்" என்கிறான், பொலிஸ் வீட்டுக்கு வருமோ என்று பயமாயிருக்கிறது என்றீர்கள். அவன் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பயப்படாதீங்க.

அவன் வைத்திருப்பது கிட்ரா. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை உருவாக்கி, 2019 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாக விட்ட மென்பொருள்; எழுதி முடிந்த செய்நிரலைப் பிரித்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவுவது. செய்நிரலில் ஒவ்வொரு சின்ன வேலையையும் செய்கிற துண்டுதான் பங்ஷன்; எழுதுகிறவர் ஒவ்வொரு பங்ஷனுக்கும் ஒரு பெயர் வைப்பார். வெளியே விடும்போது அந்தப் பெயர்களை உரித்துவிடுவதுண்டு, கோப்பின் அளவும் குறையும், உள்ளே நடப்பதும் மற்றவருக்கு இலேசில் விளங்காது. அப்படி உரித்ததைத் திறந்தால் கிட்ரா ஒவ்வொன்றுக்கும் அதன் முகவரியை வைத்து ஃபன்_00101189 (FUN_00101189) என்ற மாதிரி ஒரு பெயர் போடும். வீட்டு இலக்கம் மட்டும் இருக்கிற, யார் வீடு எது என்று தெரியாத ஒழுங்கை மாதிரி.

மகன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? "கடவுச்சொல் பிழை" என்று திரையில் வரும் வரியைத் தேடிப் பிடித்து, அதை எந்தப் பங்ஷன் எடுக்கிறது என்று பின்னால் போயிருக்கிறான். அங்கே ஸ்டிர்காம்ப் (strcmp) என்ற பெயர் உரிபடாமல் இருந்தது, ஏனென்றால் வெளி நூலகத்திலிருந்து, அதாவது ஏற்கெனவே எழுதிவைத்த பங்ஷன் தொகுப்பிலிருந்து, வருவதைச் செய்நிரல் ஓடும் நேரத்தில் பெயரை வைத்துத்தான் தேடிப் பொருத்த வேண்டும். அது இரண்டு சொல்லை ஒப்பிடுவது. அப்போ கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இடம் இதுதான் என்று பிடித்து, எல் விசையைத் தட்டி அந்த இலக்கத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்திருக்கிறான். ஒருத்தரும் சொல்லிக்கொடுக்காமல் இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. வைரஸ் எழுதுகிறவன் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போகமாட்டான், அதைப் பிரித்துப் பார்க்க இப்படி ஒருவர்தான் வேண்டும். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளை முடக்கியபோது, அது ஓர் இணைய விலாசத்தைத் தொடர்புகொள்ளப் பார்ப்பதைக் கவனித்த ஓர் இளைஞர் அந்த விலாசத்தைப் பதிவு செய்தார், பரவல் அடங்கியது.

ஆனால் நேராக இந்த வேலைக்கே எடுப்பது குறைவு. முதலில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவில் இருந்துதான் மேலே வர வேண்டியிருக்கும், பெரும்பாலும் கொழும்பில். ஆகவே பட்டத்தை விடவேண்டாம். முடிவு வந்ததும் இசட் புள்ளியைப் பார்த்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களையும் சேர்த்து யோசிப்போம். அதுவரை சி என்ற செய்நிரல் மொழியை நன்றாகப் படிக்கட்டும், தான் எழுதினதையே உரித்து கிட்ராவில் திறந்து பார்க்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தன்னுடையது, இல்லாவிட்டால் பயிற்சிக்கென்று விட்டது, இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் கை வைக்கக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் வயதைச் சொல்லி விட்டுவிடாது.

அப்புறம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தப் பங்ஷனை எப்படிக் கண்டுபிடித்தான், எங்கே பிழைவிட்டான் என்று ஒவ்வொன்றையும் அவன் எழுதவேண்டும். நேர்முகத்தில் நான் முதலில் காட்டச் சொல்வது அதைத்தான். மூன்று எழுதி முடிந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் இருந்து வாசிக்கிறேன்.