கார்டு பாக்கி, ஊர்ச் செலவு: 28,000 சம்பளத்தில் எதை முதலில் அடைப்பது?

கும்பகோணத்தில் தனி அறை, 28,000 சம்பளம், கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி, மினிமம் கட்டிக்கொண்டே வந்தும் குறையவில்லை, ஊரில் நடவுச் செலவுக்கு வேறு கேட்கிறார்கள் என்கிறீர்கள்.

முதலில் கார்டு. மாத வட்டி 3.5% என்றால் 40,000-க்கு 1,400; அதன்மேல் 18% ஜிஎஸ்டி 252. நீங்கள் 2,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 348. பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டை எடுத்து உள்ளே வையுங்கள்.

சங்கிலி ஏதாவது இருந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி, கார்டை ஒரேயடியாக அடையுங்கள். ஆண்டு வட்டி 10% என்று வைத்தால் மாதம் 3,600 கட்டி ஒரு வருடத்துக்குள் நகையை மீட்கலாம். வட்டியை மட்டும் கட்டி மறுபடி மறுபடி திருப்பி வைப்பவர்களின் நகைதான் கடைசியில் ஏலத்துக்குப் போகிறது.

நடவுச் செலவு திடீர்ச் செலவே அல்ல. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. குறுவை நெல் நடவுக்கு எப்போது கை நீட்டுவார்கள் என்பது தெரிந்ததுதானே? மே மாதம் முதிரும்படி வங்கியில் ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), மாதம் 2,000 போடுங்கள். அஞ்சலக ஆர்டி 5 ஆண்டு, இதற்குச் சரிப்படாது. இந்த வருடம் எவ்வளவு முடியும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, கடன், ஆர்டி எல்லாம் சம்பளத்தன்றே போகட்டும். மீதியை நாலாகப் பிரித்து, திங்கட்கிழமைதோறும் ஒரு பங்கை மட்டும் ஜிபே இணைத்த தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். வைகாசி, ஆவணியில் மொய்க்குத் தனியாக ஒதுக்க வேண்டும். பட்ஜெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். தெரிந்தவர் நடத்துகிறார் என்று பதிவில்லாத சீட்டில் சேராதீர்கள்.