நேரில் பார்க்காமல் கருத்தடை மாத்திரை தருவது சரியா?

அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் குடும்பநல கிளினிக்குகளில் வீடியோ காலிலேயே மாத்திரை எழுதித் தருகிறார்களே, பரிசோதிக்காமல் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். தாராளமாகத் தரலாம்.

மாத்திரை தொடங்க உள்பரிசோதனை தேவையே இல்லை, அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசியின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை என்றால் பிரஷர் தெரிய வேண்டும். மருந்துக் கடை மெஷினில் பார்த்துச் சொன்னாலும் போதும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக வேறு முறைக்குப் போவோம். கண்முன் ஒளிக்கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் கட்டிய வரலாறு, 35 வயதிலோ அதற்கு மேலோ புகைப்பழக்கம், பிரசவமாகி முதல் மூன்று வாரம் என இதில் எது இருந்தாலும் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்ப்போம். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைக்குப் பிரஷர்கூடக் கட்டாயமில்லை. பெரும்பாலும் எல்லாமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள்தான்.

மூன்று மாத ஊசியில் தோலுக்கடியில் போடும் வகையை வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளலாம். காப்பர் டி, கைத்தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியான இம்பிளான்ட் இரண்டுக்கும், வைக்கவும் எடுக்கவும், நேரில்தான் வர வேண்டும்.

மருத்துவத்தைவிட எனக்குக் கவலை தருவது, யார் காதிலும் விழாமல் பேச இடம் கிடைக்கிறதா என்பதுதான். போனை எடுத்ததும், "பக்கத்தில் யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றுதான் தொடங்குவேன். ஊரிலிருந்து மாமியார் வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு பெண் இதைப் பற்றி எங்கே நின்று பேசுவாள்? பலர் காரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு கிளினிக் அறைதான் பாதுகாப்பு. அதனால் டெலிஹெல்த், அதாவது போன், வீடியோ வழி சிகிச்சை, வந்துவிட்டது என்று நேரில் பார்க்கும் நேரத்தைக் குறைக்கவே கூடாது. வீடியோவில் முகம் காட்டத் தயங்குபவர்களுக்கும், டேட்டா இல்லாதவர்களுக்கும் சாதாரண போன் அழைப்பும் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசம். கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அப்புறம் பணம். குடும்பநல சேவைக்கு அரசு பணம் தர 1970-இல் வந்த டைட்டில் டென் சட்டத்தின் நிதி பெறும் இடங்களில், வறுமைக் கோட்டு வருமானம் வரை கட்டணமில்லை. அதன் இரண்டரை மடங்கு வரை வருமானத்துக்கேற்பத் தள்ளுபடி. கணவர் பெயரில் உள்ள இன்சூரன்ஸைப் பயன்படுத்தினால் என்ன சிகிச்சை என்ற விவரத்தாள் வீட்டுக்கே வரக்கூடும். அது வேண்டாமென்றால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.