வில்லனின் சோகக் கதை அவன் செய்ததை நியாயப்படுத்துமா?

சோகப் பின்னணி உள்ள வில்லன் என்றால், பட்ட காயத்தால் கெட்டவனாக மாறிய பாத்திரம். ஏன் மாறினான் என்பதைத்தான் அந்தக் காயம் சொல்லும். செய்தது சரி என்று சொல்லாது.

மகாபாரதத்து அசுவத்தாமனைப் பாருங்கள். சிறுவயதில் மாவு கரைத்த நீரைப் பால் என்று நம்பிக் குடித்துக் கூத்தாடினான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் போரில், மகன் இறந்துவிட்டான் என்று நம்பும்படி சொன்ன ஓர் அரைப்பொய்யால் அவன் அப்பா துரோணரைப் பாண்டவர்கள் வீழ்த்தினார்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிடும் இடம் அது. ஆனால் அவன் இரவில் தூங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் புகுந்து, திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். துரோணரை வீழ்த்திய பொய்யைச் சொன்னது அந்தப் பிள்ளைகளா?

வேலையிடத்தில் திட்டு வாங்கியவர் வீட்டுக்கு வந்து குழந்தையை அடிப்பது போலத்தான் இது.

இரக்கப்பட்டாலே மன்னித்ததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பாலுக்கு ஏங்கிய சிறுவனுக்காக வருந்திக்கொண்டே, அந்த இரவுக்காக அவனைக் குற்றவாளி என்று சொல்லலாம்.