மும்பையிலேயே பிறந்த தமிழ்ப் பட்டியலினப் பிள்ளைகளுக்கு மகாராஷ்டிரத்தின் இடஒதுக்கீடு ஏன் கிடைப்பதில்லை?

அரசியலமைப்பின் 341ஆவது பிரிவின்படி பட்டியல் சாதிகள் மாநிலவாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. ஒரு சாதியின் பின்தங்கிய நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், பூர்விக மாநிலத்தில் பெற்ற தகுதி குடியேறிய மாநிலத்துக்குத் தொடர்ந்து வராது என்று உச்ச நீதிமன்றம் 1990 மே மாதத்தில் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. சாதியின் பெயர் இரு பட்டியல்களிலும் இருந்தாலும் இதுவே நிலை. அதே 1990இல்தான் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மகாராஷ்டிரத்தில் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கு வசித்ததற்கான ஆவணத்தையும் கேட்கிறார்கள். தாராவியில் எங்கள் சந்தில் ஒரு தாய், மாமனாரின் மடிப்புக் கிழிந்த ரேஷன் அட்டையை பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு மூன்று முறை அலைந்தார். அதிலிருந்த ஆண்டு 1962. தெருமுனையில் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு முதல் மாலை போடுவதும் அவர் வீட்டார்தான். தாதர் இந்து மில் வளாகத்தில் 2015இல் அடிக்கல் நாட்டப்பட்ட அம்பேத்கர் நினைவிடத்தை நாங்களும் மனதார வரவேற்கிறோம், ஆனால் அவர் எழுதித் தந்த உரிமை மூன்றாம் தலைமுறையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டவில்லை.

ஒன்றைத் தவறவிடாதீர்கள்: தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டினால், குடியேறியோருக்கான சாதிச் சான்றிதழை இங்கேயே பெறலாம். மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் அது செல்லும்.