உறவினருக்கு எந்த கொரியத் தொடரைக் காட்டுவது?

ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள உங்கள் பையனை உறவினர்கள் புரிந்துகொள்ள ஒரு கொரியத் தொடரைக் காட்ட வேண்டுமென்றால், முதலில் ‘இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே’ (2020) காட்டுங்கள். ‘எக்ஸ்ட்ராடினரி அட்டார்னி வூ’ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“உங்க பையனுக்கு என்ன தனித்திறமை?” என்று உறவினர்கள் கேட்பதற்கு அநேகமாக வூதான் காரணம். அதன் நாயகி வூ, ஆட்டிசம் உள்ளவள், சட்டப் புத்தகமே மனப்பாடமான வக்கீல். 2013-இல் வந்த ‘குட் டாக்டர்’ தொடரின் ஆட்டிச நாயகனும் அபார நினைவாற்றல் கொண்டவன்தான். இரண்டையும் பார்த்தவர் ஆட்டிசம் என்றாலே மேதை என்று நினைத்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் வூவை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். சுழல்கதவுக்குள் நுழையத் தெரியாமல் அவள் திணறுவதும், வால்ட்ஸ் தாளத்தில் அடி எடுத்து வைத்துக் கடக்கப் பழகுவதும் நல்ல காட்சிகள். மூன்றாவது எபிசோட் மட்டுமாவது போடுங்கள். வழக்கில் சிக்கிய ஆட்டிச இளைஞனிடம் பேசவே அவள் தடுமாறுகிறாள். ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்தது இல்லை என்பது அங்கே தானாகப் புரியும்.

‘இட்ஸ் ஓகே’ தொடரில் நாயகனின் அண்ணனாக வரும், ஆட்டிசம் உள்ள மூன் சாங்-டே படம் வரைபவன். ஆனால் கதை அந்தத் திறமையை மட்டும் நம்பி நிற்கவில்லை. அவனுக்குப் பட்டாம்பூச்சி என்றால் பயம், தம்பியோடு சண்டை, கோபம், பிடிவாதம். கடைசியில் தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கிறான்.

வேறு தொடர் கிடைத்தால் இப்படிச் சோதியுங்கள்: தனித்திறமையை எடுத்துவிட்டால் ஆட்டிசம் உள்ள பாத்திரத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா?

ஒரு எச்சரிக்கை: ‘இட்ஸ் ஓகே’ தொடரில் கொலை, மனநல மருத்துவமனை எல்லாம் உண்டு. பையனை உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம்.