விற்ற கோழிக்குஞ்சுகள் மூணாம் நாள் சாகுதா? முதல்ல தொப்புளைப் பாருங்க

பொரிச்ச மறுநாளே விக்கிற குஞ்சுகள், வாங்கினவங்க வீட்ல மூணு நாலு நாள்ல சாகுதுன்னு கேட்டிருக்கீங்க. செத்த குஞ்சோட வயித்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தொப்புள் மூடாம, கருத்து ஈரமா, வயிறு உப்பி நாத்தம் அடிச்சா தப்பு உங்க பக்கம்: அழுக்கு முட்டை வெச்சிருப்பீங்க, இல்லன்னா இன்குபேட்டரை (முட்டை பொரிக்கிற பெட்டி) கழுவாம அடுத்த ஈடு ஏத்தியிருப்பீங்க. அழுக்கு முட்டையைத் துடைச்சு வைக்கிறதைவிட வைக்காம விடுறதே நல்லது.

தொப்புள் காய்ஞ்சு சுத்தமா இருந்தா, பெரும்பாலும் குளிரும் தாகமும்தான். குஞ்சோட வயித்துக்குள்ள மிச்சம் இருக்கிற மஞ்சள் கரு ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுவரை நல்லாத்தான் தெரியும், அப்புறம் பொத்துனு விழும். முதல் வாரம் குஞ்சு நிக்கிற உயரத்துல 33–35 டிகிரி வேணும், வாரம் 3 டிகிரி குறைக்கலாம். சூட்டுக்குப் போடுற பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறினா சூடு பத்தல. ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அதிகம்.

கொடுக்கும்போதே ஒவ்வொண்ணோட அலகையும் வெதுவெதுப்பான தண்ணில தொட்டுக் குடிக்க வெச்சு அனுப்புங்க. தரையில நியூஸ்பேப்பர் வேண்டாம், வழுக்கி கால் விரிஞ்சிடும். சாக்கு விரிக்கச் சொல்லுங்க.

புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஒரு நாள் குஞ்சே கொடுக்காதீங்க. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வராம இருக்க 5–7ஆம் நாள் கண்ணுல சொட்டுற தடுப்பு மருந்து போட்டு, நாலு வாரம் வளர்த்துக் கொடுங்க.