காது இரைச்சலும் தலைசுற்றலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 56. மூன்று மாதமாக வலது காதில் மோட்டார் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல். இடையில் இரண்டு முறை வீடே சுற்றி, வாந்தியெடுத்து, ஒன்றரை மணி நேரம் எழ முடியவில்லை. அப்போது அந்தக் காது அடைத்துக்கொண்டது. காதில் கல் நகர்ந்திருக்கும் என்று அக்கா சொன்னதால், வீடியோ பார்த்துத் தலையைத் திருப்பும் பயிற்சி செய்தேன், பலனில்லை. கிளினிக்கில் கொடுத்த ஸ்டெமெட்டில் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: தினமும் வேண்டாம். சுற்றல் வரும் நாளிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் போடுங்கள். அந்த மாத்திரை வாந்தியையும் சுற்றலையும் அடக்கும். ஆனால் பாதிக்கப்பட்ட காதுக்கு ஈடுகொடுக்க மூளை பழகுவதையும் தாமதப்படுத்தும். வயதானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம்.

உள்காதில், ஒலியை உணரும் சுருளும் தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்களும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே திரவம். மூளைக்குச் செய்தி போவதும் எட்டாவது நரம்பு வழியாகத்தான். அதனால்தான் இரைச்சலும் சுற்றலும் கைகோத்து வருகின்றன.

அக்கா சொல்லும் கல் என்பது கால்சியம் துகள். அது குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதோ மேல் அலமாரியை அண்ணாந்து பார்க்கும்போதோ சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். காது இரையாது, அடைக்காது. வீடியோவில் பார்த்த பயிற்சி அந்தத் துகளை வெளியேற்றத்தான். உங்களுக்கு அது பலிக்காததில் வியப்பில்லை.

ஒன்றரை மணி நேரச் சுற்றல், அதே பக்கம் அடைப்பு, கனத்த இரைச்சல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெனியர் நோய். உள்காதுத் திரவம் மிகுந்து சவ்வு உப்பிவிடும் நிலை அது. பிரஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861ல் இதை விவரித்தார். இந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும்; செவித்திறன் சோதனையில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்பது குறைந்திருக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் சுற்றல் அடங்கியதும் காது பழையபடி கேட்கும். ஆகவே சுற்றல் வந்த சில நாளுக்குள் சோதனை செய்தால்தான் குறை பதிவாகும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இதே மாதிரி சுற்றல் வருவதுண்டு. வெளிச்சமும் சத்தமும் கூசுகிறதா என்று கவனியுங்கள். இரைச்சல் ஒரே காதில் இருப்பதால், நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டி அரிது. பெரும்பாலும் புற்றும் அல்ல.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள். அந்த வழியில் போனால் கட்டணக் கழிவு கிடைக்கும். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தக் காது, கேட்பது குறைந்ததா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். பல சோதனைகளைவிட இந்தத் தாள் மருத்துவருக்கு உதவும்.

உப்பைக் குறைத்தால் மெனியர் அடங்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. ஆனாலும் முயன்று பார்க்கச் சொல்வேன், கெடுதல் இல்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. 5 கிராம் உப்பில் இருக்கும் சோடியமோ, அதாவது நாள் வரம்பு, 2,000 மில்லிகிராம்தான். உணவங்காடியில் மீ சூப் வாங்கினால் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம்.

இரண்டு நிலைகளில் நிபுணரைப் பார்க்கும் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் பலர் குறும்பி என்று எண்ணி எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால் குறும்பியாகவோ நடுக்காதுச் சளியாகவோ இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் கேட்டால் உள்காது பாதிப்பு என்று கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும். முனகல் ஒரு குறிப்பு மட்டுமே, சோதனைக்கு ஈடல்ல.

அடுத்தது, சுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, இரட்டையாகத் தெரிவது, பிடித்துக்கொண்டும் நடக்க முடியாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

கேள்வி: கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், வயது 34. மாலையானால் இரண்டு காதும் ‘கீ’ என்கின்றன. எனக்கும் தலைசுற்றல் வருமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: இரைச்சலான இடத்தில் வேலை செய்வதால் வரும் ‘கீ’ ஒலி பொதுவாகத் தலைசுற்றலில் முடிவதில்லை. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அதற்குக் காரணம் நீர் வற்றியதாகவோ ரத்த அழுத்தமாகவோ இருக்கலாம். ஆனால் உங்கள் செவித்திறனுக்கு ஆபத்து நிஜம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது, 88 என்றால் நான்கு மணி நேரம். பஞ்சு போன்ற காதடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே தொங்கினால் பயனில்லை. முதலாளி ஏற்பாடு செய்யும் செவிச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரைச்சலால் வரும் காது கேளாமை வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.